மோடம் வேலை செய்யவில்லையா? முதலில் கேபிளைப் பாருங்கள்

 

நமது அறக்கட்டளை மாணவர்களுக்குத் தவணை முறையில் கொடுத்து வாங்கும் கையடக்க வைஃபை மோடம்கள் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன். வாரத்திற்கு இரண்டு பேராவது அலுவலகம் வந்து, "மோடம் போட்டேன், கம்ப்யூட்டர் எடுக்கவில்லை" என்று சொல்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சரிசெய்யப் போய் ஒரு குடும்பம் பெரிய இழப்பைச் சந்தித்துவிட்டது. அந்த இழப்பில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் மஹல்லாவில் தந்தையை இழந்த ஒரு மாணவிக்கு மோடம் ஒன்று கொடுத்தோம். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசித் தேதி நெருங்கிக் கொண்டிருந்தது. வீட்டில் இருந்ததோ அவள் வாப்பா வாங்கி வைத்த பழைய மேசைக் கம்ப்யூட்டர். அதில் வைஃபை வசதி கிடையாது. ஆகவே மோடத்தை யூஎஸ்பி கேபிள் மூலம் இணைத்தார்கள். மோடத்தில் சார்ஜ் ஏறும் விளக்கு எரிந்தது, நெட் வரவில்லை. அந்தப் பிள்ளையின் உம்மா எனக்குப் போன் செய்தார். வேறு வேலையில் இருந்த நான், "டிரைவர் பிரச்சினையாக இருக்கும், கடையில் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகும் மோடம் வேலை செய்யவில்லை. மறுநாள் நான் வீட்டுக்குப் போய், என் போனுக்கு வைத்திருந்த கேபிளை மாற்றிச் செருகினேன். ஒரு நிமிடத்தில் நெட் வந்தது. விண்ணப்பமும் அன்றே போய்ச் சேர்ந்தது. கோளாறு கேபிளில்தான் இருந்திருக்கிறது. ஆனால் மர்ஹூம் அவர்களின் பதினைந்து ஆண்டுப் புகைப்படங்கள் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை. எல்லாம் போய்விட்டன. அந்த உம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் கொஞ்சம் இலேசாகியிருக்கும்.

இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம். கல்லூரியில் நான் படித்தது வணிகவியல். கம்ப்யூட்டர் விஷயங்களை அலுவலகத் தேவைக்காகக் கற்றுக்கொண்டவன். என்னால் முடிந்தது உங்களாலும் முடியும்.

டிரைவர் என்றால் என்ன?

மோடம் என்பது சிம் கார்டு போட்ட சிறு கருவி. செல்போன் கோபுரத்திலிருந்து வரும் நெட்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். கம்ப்யூட்டரில் எந்தக் கருவியைச் செருகினாலும், இருவருக்கும் இடையே பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு சிறு மென்பொருள் வேண்டும். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த வணிகருக்கும் ஊர்ச் சந்தைக்கும் நடுவே நின்று பேசித் தந்த துபாஷியைப் போன்றது அது. அதைத்தான் டிரைவர் என்கிறோம். துபாஷி இல்லாவிட்டால் இருவரும் நல்லவர்களாக இருந்தும் வியாபாரம் நடக்காது. அதற்காகக் கடையையே இடித்துக் கட்ட வேண்டியதில்லை, துபாஷியை அழைத்து வந்தால் போதும். ஃபார்மட் செய்வது கடையை இடிப்பது. டிரைவர் போடுவது துபாஷியை அழைப்பது.

முக்கியமான ஒன்று: மடிக்கணினி, போன் ஆகியவற்றில் வைஃபை மூலம் இணைத்தால் மோடத்திற்கென்று எந்த டிரைவரும் வேண்டாம். மோடத்தின் அடியிலோ பேட்டரிக்குக் கீழேயோ ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் போதும். யூஎஸ்பி கேபிள் மூலம் இணைக்கும்போதுதான் டிரைவர் பேச்சே வருகிறது.

நம்மிடம் புழங்கும் மோடம்கள் இரு வகை. ஒன்று, பேட்டரியுடன் வரும் கையடக்க வைஃபை மோடம். ஜியோஃபை இந்த வகை. இதைக் கேபிளில் செருகினால் கம்ப்யூட்டர் இதை ஒரு நெட்வொர்க் கார்டாகப் பார்க்கும். இதற்குப் பயன்படும் முறையின் பெயர் ஆர்என்டிஐஎஸ். இந்த டிரைவரை மைக்ரோசாஃப்ட் விண்டோஸிலேயே வைத்திருக்கிறது. மற்றொன்று, பென்டிரைவ் போலிருக்கும் பழைய டாங்கிள். இதைச் செருகியவுடன் முதலில் ஒரு சிடி டிரைவ் போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும். அதற்குள்ளேயே டிரைவர் இருக்கும். அதை நிறுவிய பிறகே மோடமாக மாறும். "என் டாங்கிள் சிடியாகத் தெரிகிறது, கெட்டுவிட்டது" என்று சிலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது கெடவில்லை, டிரைவருக்காகக் காத்திருக்கிறது.

முதல் படி: கேபிளும் போர்ட்டும்

டிரைவரைத் தொடும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. யூஎஸ்பி கேபிளுக்குள் சாதாரணமாக நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்திற்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சில கேபிள்களில் மின்சாரக் கம்பி இரண்டு மட்டுமே இருக்கும். அவற்றால் சார்ஜ் ஏறும், தகவல் போகாது. அந்த மாணவி வீட்டில் நடந்தது இதுதான். சோதிப்பது எளிது: அதே கேபிளில் ஒரு ஆண்ட்ராய்டு போனை இணைத்து, போன் திரையில் "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். போனில் உள்ள கோப்புகள் கம்ப்யூட்டரில் தெரிந்தால் கேபிள் நல்லது. அந்தத் தேர்வே வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள்.

2. மேசைக் கம்ப்யூட்டரில் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள். பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது. முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே தனி வயர் ஓடுகிறது, பழைய கம்ப்யூட்டர்களில் அது தளர்ந்திருக்கும்.

3. ஒரு போர்ட்டை நான்காகப் பிரிக்கும் ஹப் வழியாக இணைக்காதீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரக்கூடிய மின்சாரம் 500 மில்லி ஆம்பியர்தான். கீபோர்டு, மவுஸ், மோடம் மூன்றும் அதைப் பங்கு போட்டால் மோடம் அடிக்கடி துண்டிக்கப்படும்.

4. மோடத்தில் பேட்டரி இருக்கிறதா, மோடம் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் விளக்கு எரிவதும் மோடம் ஆன் ஆகியிருப்பதும் ஒன்றல்ல.

இரண்டாம் படி: டிவைஸ் மேனேஜர்

கம்ப்யூட்டருக்கு மோடம் தெரிகிறதா என்பதைச் சொல்லும் இடம் இதுதான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் "டிவைஸ் மேனேஜர்" இருக்கும். விண்டோஸ் 7 என்றால் "கம்ப்யூட்டர்" என்பதில் வலது கிளிக் செய்து "மேனேஜ்" போக வேண்டும்.

அதைத் திறந்து வைத்துக்கொண்டே மோடத்தைச் செருகி எடுங்கள். பட்டியல் ஒரு முறை சிமிட்டிப் புதிதாக வரும். மூன்றில் ஒன்று நடக்கும்.

பட்டியலில் எந்த மாற்றமும் இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு மோடம் வந்ததே தெரியவில்லை. முதல் படிக்குத் திரும்புங்கள். கோளாறு கேபிள், போர்ட், மோடம் மூன்றில் ஒன்றில் இருக்கிறது. டிரைவருக்கு இதில் சம்பந்தமில்லை.

"நெட்வொர்க் அடாப்டர்ஸ்" என்பதன் கீழ் "ரிமோட் என்டிஐஎஸ்" என்று தொடங்கும் பெயர் மஞ்சள் குறி இல்லாமல் வந்தால் டிரைவர் சரியாக இருக்கிறது. நான்காம் படிக்குப் போகலாம்.

"அதர் டிவைசஸ்" என்பதன் கீழ் மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் "ஆர்என்டிஐஎஸ்" என்றோ மோடத்தின் பெயரோ வந்தால், அதுதான் டிரைவர் இல்லாத நிலை. விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களில் இது அதிகம்.

மூன்றாம் படி: டிரைவர் போடுதல்

இங்கே எல்லோரும் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். ஆனால் கையடக்க மோடத்திற்கு எதையும் இறக்க வேண்டியதில்லை, டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கையால் காட்டிக் கொடுத்தால் போதும்.

1. மஞ்சள் குறியுள்ள "ஆர்என்டிஐஎஸ்" மீது வலது கிளிக் செய்து "அப்டேட் டிரைவர்" என்பதை அழுத்துங்கள்.

2. "பிரவுஸ் மை கம்ப்யூட்டர்" என்று தொடங்கும் இரண்டாவது வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள்.

3. அடுத்த திரையின் கீழே "லெட் மீ பிக்" என்று தொடங்கும் வரி இருக்கும். அதை அழுத்துங்கள்.

4. கருவி வகைகளின் பட்டியலில் "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து "நெக்ஸ்ட்" கொடுங்கள்.

5. இடப்பக்கம் "மைக்ரோசாஃப்ட்", வலப்பக்கம் "ரிமோட் என்டிஐஎஸ் கம்பாட்டிபிள் டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 7இல் இடப்பக்கம் "மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்" என்றிருக்கும்.

6. இந்த டிரைவர் பொருந்துமா என்று உறுதிசெய்ய முடியவில்லை என ஓர் எச்சரிக்கை வரும். நாமே கையால் தேர்ந்தெடுத்ததால் வரும் எச்சரிக்கை அது. "யெஸ்" கொடுங்கள்.

சில விநாடிகளில் மஞ்சள் குறி மறைந்துவிடும். இந்த முறையை ஆர்என்டிஐஎஸ் என்று பெயர் காட்டும் கருவிக்கு மட்டும் செய்யுங்கள். பெயர் தெரியாத வேறு கருவிகளுக்குச் செய்யாதீர்கள்.

பழைய டாங்கிள் என்றால், "திஸ் பிசி" திறந்து சிடி டிரைவ் போலத் தெரிவதை இருமுறை கிளிக் செய்து, உள்ளே உள்ள நிறுவும் கோப்பை இயக்குங்கள். முடிந்ததும் டாங்கிளைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் செருகுங்கள். உள்ளே இருக்கும் டிரைவர் உங்கள் விண்டோஸுக்குப் பழையதாக இருந்தால், தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து போனில் இறக்கி, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கான டிரைவர் மற்றொன்றில் ஏறாது.

மஞ்சள் குறி போகாவிட்டால், அதன் மீது வலது கிளிக் செய்து "பிராப்பர்ட்டீஸ்" பாருங்கள். அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் நோயின் பெயர்.

கோட் 28: டிரைவர் நிறுவப்படவில்லை. மேலே சொன்ன ஆறு படிகளைச் செய்யுங்கள்.

கோட் 10: கருவியைத் தொடங்க முடியவில்லை. வலது கிளிக்கில் "அன்இன்ஸ்டால்" கொடுத்து, மோடத்தைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து மீண்டும் செருகுங்கள்.

கோட் 43: கருவியே கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். வேறொரு கம்ப்யூட்டரிலும் இதே எண் வந்தால் மோடத்தில்தான் பழுது.

கோட் 52: டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. டிரைவர் பழையதாகவோ யாராவது கைவைத்ததாகவோ இருக்கலாம். கையொப்பச் சோதனையையே அணைத்துவிடச் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். சரியான டிரைவரைத் தேடுங்கள்.

கோளாறு மோடத்திலா கம்ப்யூட்டரிலா என்று பிரித்தறிய நல்ல சோதனை ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு போனில் "யூஎஸ்பி டெதரிங்" என்ற வசதி இருக்கிறது. பெரும்பாலான போன்கள் அதற்கும் இதே ஆர்என்டிஐஎஸ் முறையைத்தான் பயன்படுத்துகின்றன. மோடத்தைக் கழற்றிவிட்டு, போனை இணைத்து அதை ஆன் செய்யுங்கள். போனில் நெட் வந்து மோடத்தில் வராவிட்டால் கம்ப்யூட்டரில் குறையில்லை. அவசர நாளில் விண்ணப்பம் அனுப்ப இதுவே போதும். அந்த மாணவி வீட்டில் எனக்கு இது தெரிந்திருந்தால் போனிலேயே பாதி வேலை முடிந்திருக்கும்.

அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் பல, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை. லினக்ஸில் ஆர்என்டிஐஎஸ் டிரைவர் ஏற்கெனவே உள்ளடங்கி இருக்கிறது. யூஎஸ்பியில் மோடத்தைச் செருகி லினக்ஸில் நெட் வந்தால், கேபிளும் மோடமும் நல்லவை, விண்டோஸ் டிரைவரை மட்டும் பார்த்தால் போதும் என்று முடிவு செய்யலாம்.

நான்காம் படி: டிரைவர் சரி, நெட் இல்லை

பிரவுசரில் மோடத்தின் சொந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதன் எண் பெரும்பாலும் மோடத்தின் சீட்டில் இருக்கும். ஜியோஃபையில் பலவற்றுக்கு 192.168.1.1, ஹுவாவேயின் பல மோடம்களுக்கு 192.168.8.1. இந்தப் பக்கம் திறக்க நெட் வேண்டியதில்லை. பக்கம் திறந்தால் கேபிள், போர்ட், டிரைவர் மூன்றும் வேலை செய்கின்றன. குறை சிம், சிக்னல், ரீசார்ஜ் பக்கம் இருக்கிறது. சிம்மைப் போனில் போட்டு டேட்டா வருகிறதா என்று பாருங்கள்.

பக்கம் திறக்காவிட்டால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், ஈதர்நெட் இணைப்பின் ஐபி எண்ணைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் நல்லது. 169.254 என்று தொடங்கினால் மோடம் கம்ப்யூட்டருக்கு எண் கொடுக்கவில்லை என்று பொருள். மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு ஆன் செய்யுங்கள்.

சிக்னல் இருந்தும் டேட்டா வராவிட்டால் ஏபிஎன் பெயரைச் சரிபாருங்கள். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரோடு விற்கப்பட்ட பல மோடம்கள் அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும். ஜியோ தொடங்கியதே 4ஜியில் என்பதால், பழைய 3ஜி டாங்கிளில் ஜியோ சிம் போட்டால் சிக்னலே வராது. எந்த டிரைவராலும் அதை மாற்ற முடியாது.

நெட் வந்து வந்து போனால் ஒன்று செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் "யூஎஸ்பி ரூட் ஹப்" பிராப்பர்ட்டீஸில் "பவர் மேனேஜ்மென்ட்" பக்கத்தில், மின்சாரம் சேமிக்கக் கருவியை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

டிரைவர் என்று தேடினால் "எல்லா டிரைவரையும் நாங்களே புதுப்பிப்போம்" என்று பல தளங்கள் வரும். அவற்றை இறக்காதீர்கள். பணம் கேட்கும், அல்லது வேண்டாததை உள்ளே விடும். டிரைவர் மூன்று இடங்களிலிருந்து மட்டுமே வரலாம்: விண்டோஸ், மோடத்தின் உள்ளிருப்பு, தயாரித்த நிறுவனத்தின் தளம். டிரைவர் போட ஓடிபி தேவையில்லை. யாராவது கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

விண்டோஸ் அப்டேட் உங்கள் அன்றைய டேட்டாவை அரை மணியில் தின்றுவிடக்கூடும். நெட்வொர்க் செட்டிங்ஸில் "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்பதை ஆன் செய்து வையுங்கள்.

இரவு பகலாக மோடத்தைச் சார்ஜில் விடாதீர்கள். பேட்டரி உப்பினால் மூடி தூக்கிக்கொள்ளும். அப்படித் தெரிந்தால் உடனே கழற்றி, பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு எங்களிடம் கொண்டு வாருங்கள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

கடைசியாக, இந்தப் பாடத்திலேயே முக்கியமானது. மோடம் எடுக்கவில்லை என்பதற்காக யார் ஃபார்மட் செய்யச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். மேலே உள்ள எந்தக் கோளாறுக்கும் ஃபார்மட் மருந்தல்ல. வேறு காரணத்திற்காகச் செய்யத்தான் வேண்டுமென்றால், புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் பென்டிரைவில் எடுத்து, வேறொரு கருவியில் திறந்து பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். தவறுதலாக ஃபார்மட் ஆகிவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் ஏற்றாமல் உடனே அணைத்துவிடுங்கள். புதியது ஏறாத வரை பழையதில் ஓரளவு மீட்க வாய்ப்புண்டு.

வீட்டுப் பயிற்சி

இந்த வாரம் பிள்ளைகளுடன் உட்கார்ந்து மூன்று வேலைகளைச் செய்யுங்கள். ஒன்று, வீட்டில் உள்ள கேபிள்களை எல்லாம் போனில் சோதித்து, தகவல் போகும் கேபிளில் ஒரு நூல் கட்டி வையுங்கள். இரண்டு, டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் குறி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் எண்ணை எழுதி வையுங்கள். மூன்று, குடும்பப் புகைப்படங்களுக்கு இன்றே ஒரு பிரதி எடுங்கள். மூன்றாவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அறக்கட்டளையின் மோடம் உங்களிடம் அமானிதமாக இருக்கிறது. தவணை முடிந்து திருப்பித் தரும்போது கேபிளையும் சேர்த்துத் தாருங்கள். இனி ஒவ்வொரு மோடத்துடனும் சோதித்துப் பார்த்த கேபிள் ஒன்று சேர்த்தே கொடுக்கப்படும். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. இவ்வளவு பார்த்தும் சரியாகவில்லை என்றால் அலுவலகம் வாருங்கள், அல்லது போன் செய்யுங்கள். "கடையில் காட்டுங்கள்" என்று இனிச் சொல்ல மாட்டேன். இன்ஷா அல்லாஹ், உங்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்